கடைசிப் பொறி எங்கே விழ வேண்டும்?

கார் பேட்டரியின் இரண்டு முனைகளையும் உலர்ந்த கைகளால் ஒரே நேரத்தில் பிடித்தாலும் ஷாக் அடிக்காது. நம் தோலின் தடையைத் தாண்டி, உணரும் அளவுக்கு மின்னோட்டத்தைச் செலுத்தும் வலு 12 வோல்ட்டுக்குக் கிடையாது. இதைத் தெரிந்துகொண்ட பலர் பேட்டரியைப் பற்றிய பயத்தையே மொத்தமாக விட்டுவிடுகிறார்கள். என் கவலை அங்கேதான் தொடங்குகிறது. ஷாக் அடிக்காத அந்தப் பெட்டிக்குள் தோலைப் பொசுக்கும் கந்தக அமிலம் இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது வெடிக்கக்கூடிய வாயு அதிலிருந்து கிளம்புகிறது. இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஓர் இரும்புத் துண்டு விழுந்தால் ஆயிரம் ஆம்பியர் பாயும்.

பேட்டரியைக் கழற்ற, மாட்ட, சார்ஜ் போட, இன்னொரு வண்டியிலிருந்து மின்சாரம் எடுக்க என்று ஒவ்வொன்றுக்கும் மெக்கானிக்குகளிடம் ஒரு வரிசை உண்டு. எது முதலில், எது கடைசியில் என்று அதை மனப்பாடம் செய்ய முயன்றால் அவசரத்தில் குழம்பிவிடும். ஆனால் அந்த வரிசைகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: பொறி எங்கே விழும்? மின் இணைப்பை முடிக்கும் நொடியிலும் பிரிக்கும் நொடியிலும் பொறி வரத்தான் செய்யும். அது பேட்டரியின் தலைமேல் விழாமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான் இத்தனை வரிசைகளும்.

ஏன் தலைமேல் விழக் கூடாது என்பதைப் புரிந்துகொள்ள, பெட்டிக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1859-இல் பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே, கந்தக அமிலத்தில் இரண்டு ஈயத் தகடுகளை வைத்து, திரும்பத் திரும்ப மின்சாரம் ஏற்றி இறக்கக்கூடிய முதல் பேட்டரியைச் செய்தார். இன்றைக்கு நம் காரில் இருப்பதும் அடிப்படையில் அதேதான். ஒரு தகடு பஞ்சுபோல் நுண்துளைகள் கொண்ட ஈயம், மற்றது ஈய டைஆக்சைடு, நடுவே தண்ணீர் கலந்த கந்தக அமிலம். இப்படி ஒரு செல் 2.1 வோல்ட் தரும். ஆறு செல்களை வரிசையாகக் கோத்தால் 12.6 வோல்ட். மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு தகடுகளும் ஈய சல்பேட்டாக மாறுகின்றன, அமிலம் குறைகிறது, தண்ணீர் கூடுகிறது. சார்ஜ் போடும்போது இவை எல்லாம் அப்படியே திரும்பி நடக்கின்றன.

மூடியைத் திறக்கக்கூடிய பேட்டரி என்றால் இந்த மாற்றத்தைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஹைட்ரோமீட்டரின் ரப்பர் குமிழை அழுத்திவிட்டு, அதன் மூக்கைச் செல்லுக்குள் விட்டு மெல்லத் தளர்த்தினால் அமிலம் கண்ணாடிக் குழாயில் ஏறும். உள்ளே இருக்கும் மிதவை, சார்ஜ் நிறைந்த செல்லில் உயர்ந்து 1.25, 1.28 என்று காட்டும். காலியான செல்லில் தாழ்ந்து 1.12 பக்கம் போய்விடும். அமிலம் தண்ணீரைவிடக் கனமானது என்பதால் வரும் வித்தியாசம் இது. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளுக்கு அமிலத்தைச் சற்று நீர்த்தே நிரப்புவார்கள். அதனால் நிறைந்த அளவு எவ்வளவு என்பதற்கு அந்தந்த பேட்டரியின் லேபிளைப் பார்ப்பதே சரி. ஆறு செல்களில் ஐந்து ஒரே மாதிரி காட்டி ஒன்று மட்டும் மிகவும் தாழ்ந்து நின்றால், அந்த பேட்டரியை வீட்டில் சார்ஜ் போடாதீர்கள். உள்ளேயே ஷார்ட் ஆகிப்போன செல் அதுவாக இருக்கலாம். சார்ஜர் தரும் 14.4 வோல்ட்டை மிச்சமுள்ள ஐந்து செல்கள் பங்குபோட்டுக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் 2.88 வோல்ட் விழும். அது பேட்டரியைக் கொதிக்க வைத்துவிடும்.

இனி வாயு. தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க 1.23 வோல்ட் போதும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. பேட்டரியின் ஒரு செல்லுக்கோ 2 வோல்ட்டுக்கு மேல் மின்னழுத்தம். அப்படியானால் சார்ஜ் ஏறிய பேட்டரி, சும்மா வைத்திருந்தாலே தன்னிடமுள்ள தண்ணீரைத் தானே பிரித்துத் தீர்த்துவிட வேண்டும் அல்லவா? தீர்ந்துவிடாததற்குக் காரணம் ஈயத்தின் ஒரு விசித்திரமான குணம். பிளாட்டினத்தின் மேல் எளிதாகத் திரண்டு கிளம்பும் ஹைட்ரஜன் குமிழ், ஈயத்தின் மேல் லேசில் கிளம்பாது. கூடுதல் மின்னழுத்தம் கொடுத்துத் தள்ள வேண்டும். இந்தத் தயக்கம் மட்டும் இல்லாவிட்டால் ஈய பேட்டரி என்ற ஒன்றே சாத்தியமாகியிருக்காது. எனக்கு இந்த பேட்டரியில் மிகவும் பிடித்த விஷயமும் இதுதான்.

அந்தத் தயக்கம் ஓர் எல்லை வரைக்கும்தான். செல்லுக்கு 2.4 வோல்ட், அதாவது பேட்டரிக்கு 14.4 வோல்ட் என்ற அளவை நெருங்கும்போது குமிழ்கள் தாராளமாகக் கிளம்பத் தொடங்கும். ஈய சல்பேட் எல்லாம் மாறி முடிந்த பிறகும் சார்ஜர் மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருந்தால், அந்த மின்சாரத்துக்குத் தண்ணீரைப் பிரிப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. குழாய்த் தண்ணீரை ஊற்றக் கூடாது என்று சொல்வதற்கும் இந்தத் தயக்கத்துக்கும் தொடர்பு உண்டு. தண்ணீரோடு வரும் சில உலோகங்கள் ஈயத்தின் மேல் படிந்து, குமிழ் எளிதாகக் கிளம்ப வழி செய்துவிடுகின்றன. இரும்பு இரண்டு தகடுகளுக்கும் இடையே போய்வந்து சார்ஜைத் தானாகவே இறக்கும். உப்பிலுள்ள குளோரைடு தகட்டை அரிக்கும். போர்வெல் தண்ணீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அதில் இவை இருக்கலாம். டிஸ்டில்ட் வாட்டர் கேன் ஒன்றின் விலைக்காக பேட்டரியைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அதேபோல, மட்டம் குறைந்திருக்கிறது என்று அமிலத்தை ஊற்றுவதும் தவறு. காற்றில் போனது தண்ணீர்தான். அமிலம் உள்ளேதான் இருக்கிறது.

எவ்வளவு வாயு வரும்? நிறைந்துவிட்ட 12 வோல்ட் பேட்டரிக்குள் ஒவ்வோர் ஆம்பியர்-மணி கூடுதலாகத் தள்ளும்போதும் ஆறு செல்களிலிருந்தும் சேர்த்து சுமார் 2.5 லிட்டர் ஹைட்ரஜன் வெளியேறும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தாலே அது தீப்பிடிக்கக்கூடிய கலவை. 75 சதவீதம் வரை அந்த ஆபத்து நீடிக்கும். பத்துக்குப் பத்து அறை ஒன்றில் ஏறத்தாழ 28 கன மீட்டர் காற்று இருக்கும். அங்கே 4 சதவீதம் சேர வேண்டுமானால் ஆயிரம் லிட்டருக்கு மேல் ஹைட்ரஜன் வேண்டும். ஜன்னல் திறந்திருந்தால் அது நடக்காது. ஆனால் ஒரு கன மீட்டர் அலமாரிக்குள் பேட்டரியை வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் 40 லிட்டரே போதும். கட்-ஆஃப் இல்லாத சார்ஜர் 4 ஆம்பியர் வீதம் நான்கு மணி நேரம் கூடுதலாக ஓடினால் அந்த அளவு வந்துவிடும்.

கார் இல்லாத வீடுகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய இன்வெர்ட்டர் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் மாடிப்படிக்கு அடியிலும், கதவு போட்ட மர அலமாரியிலும், பூஜை அறையை ஒட்டியும் உட்கார்ந்திருக்கிறது. உள்ளே இருப்பது பெரும்பாலும் சின்ன கார் பேட்டரியைவிட நான்கு மடங்கு பெரிய 150 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி. ஹைட்ரஜன் காற்றைவிடப் பதினான்கு மடங்கு லேசானது, மேலே போய்த்தான் தேங்கும். ஆகவே அலமாரியின் மேல்பக்கம் காற்றுப் போக வழி இருக்க வேண்டும். அதன் மேல்தட்டில் விளக்கேற்றுவதும், ஆயுத பூஜையன்று அதன் முன்னால் கற்பூரம் காட்டுவதும் வேண்டவே வேண்டாம். சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, தீபத்தை இன்னோர் அறையில் காட்டலாம்.

அறையில் வாயு சேர்வது ஓர் ஆபத்து என்றால், அதைவிட அடிக்கடி நடக்கும் விபத்து பேட்டரிக்குள்ளேயே தொடங்குகிறது. அமிலத்தின் மேல்மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. சார்ஜ் ஏறும்போது அங்கே நிரம்புவது இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும். மிக உக்கிரமாக வெடிக்கும் விகிதமே அதுதான். அதைப் பற்ற வைக்க 0.02 மில்லிஜூல் போதும். பாலியஸ்டர் சட்டையைக் கழற்றும்போது படபடக்கும் பொறியில் அதைவிடப் பல மடங்கு ஆற்றல் உண்டு. வாயு வெளியேறும் வென்ட் துளையருகே பொறி விழுந்தால் தீ உள்ளே ஓடி, பெட்டி உடைந்து, அமிலமும் பிளாஸ்டிக் துண்டுகளும் முகத்தை நோக்கி வரும். மட்டம் குறைந்த பேட்டரியில் அந்த இடைவெளி பெரிது, வெடிப்பும் பெரிது. மட்டம் மேலும் இறங்கிவிட்டால் தகடுகளை இணைக்கும் ஈயப் பட்டைகள் அமிலத்துக்கு வெளியே வந்துவிடும். அவற்றில் ஒன்று விட்டுப்போயிருந்தால் பொறி உள்ளேயே கிளம்பும். சாவியைத் திருப்பியதும் பேட்டரி வெடிப்பது இப்படித்தான். மாதம் ஒரு முறை மட்டம் பார்க்கச் சொல்வது பேட்டரியின் ஆயுளுக்காக மட்டும் இல்லை.

மெயின்டனன்ஸ் ஃப்ரீ என்று எழுதிய பேட்டரிகளில் தகடுகளோடு கால்சியம் சேர்த்திருப்பார்கள். வாயு வெகுவாகக் குறையும். வாயுவே வராது என்று பொருள் கொள்ள வேண்டாம். அவற்றிலும் வென்ட் துளை இருக்கிறது. மேலே தெரியும் பச்சைக் கண் ஆறு செல்களில் ஒரே ஒரு செல்லின் நிலையைத்தான் சொல்கிறது.

இவ்வளவும் தெரிந்துகொண்டு ஒரு காரிடம் போவோம். அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் ஒரு மாதமாக ஓடாமல் நிற்கும் சின்ன கார். சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் எடுக்கவில்லை. நிறுத்தி வைத்த காரிலும் கடிகாரம், அலாரம், கணினி என்று எதற்காவது மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். அது 30 மில்லியாம்பியர் என்று வைத்துக்கொண்டாலும் முப்பது நாளில் 21 ஆம்பியர்-மணிக்கு மேல். பேட்டரியே 35 ஆம்பியர்-மணிதான். 2020 ஊரடங்கில் பல கார்கள் ஒரே நேரத்தில் படுத்ததற்கு இந்தக் கணக்கே காரணம்.

பேட்டரியைக் கழற்றும் முன் மோதிரம், காப்பு, ஸ்டீல் பட்டை வாட்ச், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். ஆயிரம் ஆம்பியர் பாயும்போது தங்க மோதிரம் கண்மூடித் திறப்பதற்குள் பழுத்துவிடும். விரலைச் சுற்றி எரிந்த காயம் எலும்பு வரை போகலாம். பிறகு 10 எம்எம் ஸ்பானரை எடுத்து முதலில் மைனஸைக் கழற்ற வேண்டும். காரின் உடல் முழுவதும் மைனஸோடு இணைந்திருக்கிறது. பிளஸ் நட்டை முதலில் திருகினால், ஸ்பானரின் மறுமுனை பானெட்டுக்கு அடியிலுள்ள ஏதாவது இரும்பில் பட்ட நொடியில் ஷார்ட் ஆகிவிடும். அந்தப் பொறி விழுவது பேட்டரியின் தலையில். மைனஸைக் கழற்றிவிட்டால் காரின் உடலுக்கும் பேட்டரிக்கும் உறவு அறுந்துபோகிறது. பிறகு பிளஸ்ஸில் இருக்கும் ஸ்பானர் எங்கே பட்டாலும் ஒன்றுமில்லை. திரும்ப மாட்டும்போது இதற்கு நேர் எதிர்: பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில்.

முனைகளில் பூத்திருக்கும் வெள்ளையும் நீலமுமான பொடி, கசிந்த அமிலம் ஈயத்தையும் செம்பையும் அரித்ததன் விளைவு. விரலால் சுரண்டாதீர்கள், அதில் ஈயம் இருக்கிறது. செல் மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, சமையல் சோடா கலந்த வெந்நீரைக் கொஞ்சமாக விட்டால் நுரைத்துப் பொங்கும். பொங்குவது நிற்கும்வரை விட்டு, பழைய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவித் துடைக்கலாம். சோடா நீர் ஒரு சொட்டுகூட செல்லுக்குள் போகக் கூடாது. போனால் உள்ளேயிருக்கும் அமிலத்தையும் அது முறித்துவிடும். கிளாம்ப்பை இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவலாம்.

சார்ஜர் வாங்குவதானால் தானாக நிறுத்திக்கொள்ளும் வகையை வாங்குங்கள். வெறும் டிரான்ஸ்ஃபார்மரும் டையோடும் மட்டும் உள்ள பழைய சார்ஜர்களுக்கு பேட்டரி நிறைந்தது தெரியாது. விடிய விடியத் தள்ளிக்கொண்டே இருக்கும். நல்ல சார்ஜர் முதலில் நிலையான மின்னோட்டம் தரும், 14.4 வோல்ட்டை எட்டியதும் அழுத்தத்தை அங்கேயே பிடித்துக்கொண்டு மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வரும், கடைசியில் 13.5 வோல்ட் அளவுக்கு இறங்கிக் காத்திருக்கும். மின்னோட்டம் பேட்டரியின் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்: 35 ஆம்பியர்-மணிக்கு 3.5 ஆம்பியர். பாதி இறங்கிய பேட்டரிக்கு ஏழெட்டு மணி நேரமாவது பிடிக்கும். அவசரப்பட்டு மின்னோட்டத்தைக் கூட்டினால் சூடும் வாயுவும்தான் கூடும்.

வெயில் இங்கே ஒரு பெரிய விஷயம். 14.4 வோல்ட் என்ற எண் 25 டிகிரி வெப்பநிலைக்கானது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.024 வோல்ட் குறைக்க வேண்டும். சித்திரை மாதப் பகலில் 40 டிகிரியில் நிற்கும் பேட்டரிக்கு 14 வோல்ட்டே போதும். வெப்பநிலைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் வசதி சார்ஜரில் இல்லையென்றால், சார்ஜ் போட விடிகாலையே நல்ல நேரம். அதைப் போட்டுவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போகக் கூடாது.

தகடுகள் தெரியும் அளவுக்குத் தண்ணீர் இறங்கியிருந்தால் சார்ஜுக்கு முன் தகடு மூழ்கும் அளவு மட்டும் ஊற்றுங்கள். முழு மட்டத்துக்கு நிரப்புவது சார்ஜ் முடிந்த பிறகுதான். முன்பே நிரப்பினால், சார்ஜில் மட்டம் ஏறி அமிலம் வழிந்துவிடும். சார்ஜரின் சிவப்பு கிளிப் பிளஸ்ஸில், கறுப்பு கிளிப் மைனஸில், பேட்டரி காரிலேயே இருந்தால் கறுப்பு கிளிப் தள்ளியிருக்கும் இரும்புப் பகுதியில். இரண்டையும் மாட்டி முடித்த பிறகே சுவர் சுவிட்சைப் போட வேண்டும். எடுக்கும்போது சுவிட்சை அணைத்த பிறகே கிளிப்பில் கை வைக்க வேண்டும். பொறி விழ வேண்டிய இடம் சுவர் சுவிட்ச். பேட்டரியிலிருந்து அது எத்தனை அடி தள்ளியிருக்கிறதோ அத்தனை நல்லது. சார்ஜருக்குள் போவது 230 வோல்ட் என்பதையும் மறக்க வேண்டாம்: ஈரத் தரை, இன்சுலேஷன் போன வயர், எர்த் இல்லாத பிளக் மூன்றும் ஆகாது.

சார்ஜ் ஏறும்போது பேட்டரி வெதுவெதுப்பாக இருப்பது சகஜம். கை வைக்க முடியாத சூடு, பக்கவாட்டில் உப்பல், அழுகிய முட்டை நாற்றம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கிளிப்பைத் தொடாமல் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்து வெளியே வந்துவிடுங்கள். அந்த நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சு வாயு. அளவு கூடக்கூட மூக்கு மரத்துப்போய் நாற்றம் தெரியாமல் போகும், நின்றுவிட்டது என்று நம்பிவிடுவோம்.

இன்னொரு காரிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்யும்போதும் கேள்வி அதேதான். சிவப்பு கேபிள் முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு கேபிள் நல்ல பேட்டரியின் மைனஸில். மிச்சமிருக்கும் நான்காவது முனையில்தான் பொறி வரும். அதை இறங்கிய பேட்டரியின் மைனஸில் வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. எஞ்சினில் வர்ணம் பூசாத ஓர் இரும்புப் பகுதியில், பேட்டரியிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். உதவிக்கு வரும் வண்டி லாரி என்றால் மறுத்துவிடுங்கள்; பெரும்பாலான லாரிகளில் இருப்பது 24 வோல்ட்.

அமிலத்துக்கு எதிரான பெரிய மருந்து தண்ணீர். வேலையைத் தொடங்கும் முன்பே ஒரு வாளி நிறையத் தண்ணீரும் ஒரு செம்பும் பக்கத்தில் இருக்கட்டும். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் கையுறை. தோலில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவ வேண்டும். கண்ணில் பட்டால் இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் தண்ணீர் விட்டு, உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். பால், விளக்கெண்ணெய், சோடா எதையும் கண்ணில் விடாதீர்கள். சோடா பேட்டரி முனைகளுக்கும் தரையில் சிந்தியதற்கும் மட்டும். வேலை முடிந்ததும் போட்டிருந்த துணியையும் தனியாக அலசுங்கள். பருத்தித் துணியில் தெறித்த அமிலம் அன்றைக்குத் தெரியாது, துவைத்துக் காயப்போடும்போது பொட்டுப் பொட்டாக ஓட்டை விழுந்திருக்கும்.

சார்ஜ் முடிந்து சில மணி நேரம் ஓய்வெடுத்த பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6, 12.7 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் ஏறக்குறைய காலி. காலியான பேட்டரியை வாரக்கணக்கில் அப்படியே போட்டு வைத்தால் ஈய சல்பேட் கெட்டிப் படிகங்களாக இறுகிவிடும்; அதற்கு மேல் எந்த சார்ஜராலும் அதை முழுமையாக மீட்க முடியாது.

மீட்க முடியாததை வீட்டு வாசலில் வரும் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுவது நம்மூர் வழக்கம். அப்படிப் போகும் பேட்டரிகளில் பல, வெட்டவெளியில் கோடரியால் பிளக்கப்பட்டு, அமிலம் மண்ணில் கொட்டப்பட்டு, ஈயம் திறந்த அடுப்பில் உருக்கப்படுகிறது. அந்தப் புகை சேர்வது சுற்றிலும் விளையாடும் குழந்தைகளின் ரத்தத்தில். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார அமைப்பு. இந்தியாவில் 2022-இல் வந்த பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகள் முறையான மறுசுழற்சிக்குப் போய்ச் சேரும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைக்கின்றன. புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுங்கள். அதன் எடைக்கு ஏற்ற தொகையைக் கழித்துக்கொள்வார்கள். கொண்டுபோகும்போது இரண்டு முனைகளிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் ட்ரேயில் நிமிர்த்தி வைத்து, கவிழாதபடி முட்டுக்கொடுத்து எடுத்துச் செல்லுங்கள். வீடு திரும்பியதும் சாப்பாட்டில் கை வைக்கும் முன் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள்.